போக இரண்டு சீட், வர ஒன்று

அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். வாகனக் காப்பீட்டுப் பிரிவில், இழப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. நேற்றுதான் மோதியது என்று சொல்லி யாராவது நசுங்கிய கார்க் கதவின் படத்தை அனுப்புவார்கள். அவள் அதைப் பெரிதாக்கி, நசுங்கிய மடிப்புக்குள் எட்டிப் பார்ப்பாள். உள்ளே துரு இருந்தால் அது நேற்றைய அடி இல்லை, பல மழையைப் பார்த்த பழைய அடி. "துரு பொய் சொல்லாது சார்" என்று போனில் இனிமையாகச் சொல்லி ஃபைலை மூடிவிடுவாள். பொய்யை மோப்பம் பிடிக்கிற அந்த மூக்கு சாயங்காலம் அலுவலகத்திலேயே தங்கிவிட்டால் யாருக்கும் தொல்லையில்லை. அதுவும் அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடும்.

வீட்டில் இருந்தவர் பாயிண்ட். அவள் கணவர். பெயர் வைத்தது அவள் தம்பி. கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸை அரைத்து ஃபிரேமில் பொருத்துவது அவர் பிழைப்பு. ஆனால் அவர் மூச்சுவிட்டது விமானக் கம்பெனியின் மைல் பாயிண்டுக்காகத்தான், கார்டில் செலவு செய்யச் செய்யச் சேர்ந்து விமான டிக்கெட்டாக மாறுகிற பாயிண்ட். நண்பர்களோடு சாப்பிடப் போனால் பில் வந்தவுடன் முதலில் பாய்கிற கை அவருடையது. புதிதாகப் பழகியவர்கள் என்ன தாராள மனசு என்று நெகிழ்ந்துபோவார்கள். தன் கார்டைத் தேய்த்துவிட்டு, ஆளுக்கு ஆள் பங்கை ரொக்கமாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும்போதுதான் நெகிழ்ச்சி கொஞ்சம் குறையும். மச்சினன் கல்யாணத்துக்கு மண்டபம், பூ, விளக்கு எல்லாம் அவர் கார்டில்தான் போயிற்று. அன்றைக்கு மாப்பிள்ளை முகத்தில்கூட அவ்வளவு பூரிப்பு இல்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் கெட்டுப்போய், புதிது வாங்கியே ஆகவேண்டும் என்று அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அவர் மனக்கணக்குப் போட்டுவிட்டு, "நல்லதா போச்சு, இதோட பனி ஊர் வரைக்கும் வந்துட்டோம்" என்றார்.

பனி ஊர் என்பது அவர் போட்டிருந்த திட்டத்தில் இரண்டாவது நிறுத்தம். மொத்தம் மூன்று. முதலில் ஏரி ஊர், அப்புறம் பனி ஊர், கடைசியில் துறைமுக ஊர், அங்கிருந்து வீடு. சாப்பாட்டு மேசையில் டப்பாக்களை அடுக்கி அவளுக்கு விளக்கியிருந்தார். சர்க்கரை டப்பா ஏரி ஊர். உப்பு டப்பா பனி ஊர். காப்பித்தூள் டப்பா துறைமுகம். டீ வடிகட்டி விமானம்.

"ஒரே டிக்கெட்தான். நடுவுல எறங்கித் தங்கிட்டு, திரும்ப ஏறிக்கலாம். தங்கறதுக்குன்னு தனியா பாயிண்ட் பிடிக்க மாட்டான். நெறைய பேருக்கு இந்த வித்தை தெரியாது" என்று வடிகட்டியை உப்பு டப்பாமேல் இறக்கினார்.

"சும்மா எவன் குடுப்பான்?" என்றாள் அவள். எதையும் சும்மா கொடுக்கிறவனை அவளுடைய பிரிவில் போலீசுக்குத்தான் அனுப்புவார்கள்.

இருந்தாலும் ஆசை இல்லாமல் இல்லை. அந்த வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்கவில்லை. கேட்கும் கேட்கும் என்று காத்திருந்து, பிறகு அந்தப் பேச்சையே இருவரும் எடுக்காமல் விட்டாயிற்று. இருப்பது அவளும் அவரும் மட்டும். அதனால்தான் அவர் இந்தப் பாயிண்ட் பைத்தியத்தில் விழுந்தபோது அவள் தடுக்கவில்லை. கணக்கைத் தன் பெயரிலேயே தொடங்கவும் சம்மதித்தாள். குடும்பக் கணக்கு. தலைவி அவள், ஓட்டுவது அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குளிக்கப் போயிருந்தார். டேப்லெட் மேசைமேல் திறந்தபடி கிடந்தது. அவள் வேண்டுமென்று பார்க்கவில்லை. அதாவது, முதலில் வேண்டுமென்று பார்க்கவில்லை. ஏரி ஊருக்குப் பயணிகள் இருவர். பனி ஊருக்கு இருவர். துறைமுக ஊருக்கு இருவர். துறைமுக ஊரிலிருந்து வீட்டுக்குப் பயணி ஒருவர்.

அந்த ஒருவர் அவள்.

அவள் திரையைத் தள்ளிப் பார்த்தாள், மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். அவர் திரும்பி வருவதற்கு எங்கேயும் எதுவும் இல்லை. குளியலறைக்குள் அவர் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர் வெளியே வந்ததும் சாதாரணமாகக் கேட்டாள். "எல்லா டிக்கெட்டும் போட்டாச்சாங்க?"

"ஆச்சு ஆச்சு" என்றார். தலையைத் துவட்டிக்கொண்டிருந்ததால் முகம் துண்டுக்குள் இருந்தது.

"வர்றதுக்கும்?"

"எல்லாம் ஆயிடுச்சும்மா. நீ பெட்டிய மட்டும் பாரு."

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இன்னொரு வேலையைக் கொடுக்கிறவரை அவளுக்குத் தெரியும். நாளெல்லாம் போனில் பேசுவது அப்படிப்பட்டவர்களோடுதான்.

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே ஒரு ஃபைல் திறந்தாயிற்று. துறைமுக ஊரில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் பெரிய கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அந்த நண்பர் கூப்பிட்டால் இவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். முன்பெல்லாம் தெருச் சத்தம் உள்ளே வராமலிருக்கச் சாத்துகிறார் என்று நினைத்திருந்தாள். இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள், இத்தனை நாள் காதில் பூ வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோமே என்று. தான் வேலை பார்க்கும் கடையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குத் தன் மெஷினைச் சொல்லிக்கொடுத்துவருகிறாராம். யாரையும் தொடவிடாத மெஷின் அது. தடித்த அடியுள்ள குளிர்கால பூட்ஸ் வாங்கியிருந்தார், பத்து வருஷத்துக்கு உழைக்கும் என்று தட்டிக் காட்டினார். சுற்றுலா போகிறவனுக்குப் பத்து வருஷ பூட்ஸ் எதற்கு?

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கண்ணாடி. ஒரு சாயங்காலம் அவர் தன் சின்ன அளவுகோலோடு வந்து அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார்.

"என்னத்துக்கு இப்ப?"

"உனக்கு ரெண்டு கண்ணாடி செஞ்சு வெச்சுடறேன். நான் இருக்கும்போதே செஞ்சுட்டா நல்லது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க எங்க போறீங்க?"

"எங்கயும் போகல. அசையாதே. என் கண்ணையே பாரு."

கருவிழிக்கும் கருவிழிக்கும் நடுவே உள்ள தூரத்தை அவர் இப்படித்தான் அளப்பார். மூக்குக்கு மூக்கு, மூச்சுக் காற்று படுகிற நெருக்கத்தில். கல்யாணமான புதிதில் இதே அளவை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப எடுத்துச் சிரித்திருக்கிறார்கள். அவர் அவள் கண்ணில் அளவைத் தேடினார். அவள் அவர் கண்ணில் துருவைத் தேடினாள். கொஞ்சம் சிவந்திருந்தது. அளவு எடுத்து முடித்ததும் அவர் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அதையும் அவள் ஃபைலில் சேர்த்துக்கொண்டாள். பாசம் திடீரென்று கூடுவதும் ஓர் அறிகுறிதான்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு ஐயோ பாவம் என்று பெயர். எந்த விண்ணப்பம் வந்தாலும் அப்படித்தான் சொல்வார். அவர் கையில் விழுந்தால் துருப்பிடித்த பம்பருக்கும் பணம் கிடைத்துவிடும். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் என்ற நிலையில் அவள் அவரிடம் வாயைத் திறந்தாள். தன் கதையாக இல்லை, ஏதோ ஒரு விண்ணப்பம் போல.

"ஒருத்தர் பொண்டாட்டியோட வெளிநாடு போறார் சார். போக ரெண்டு டிக்கெட். வர்றதுக்குப் பொண்டாட்டிக்கு மட்டும் ஒண்ணு. அவருக்கு இல்ல. என்ன அர்த்தம்?"

"ஐயோ பாவம்" என்றார் அவர். "அவருக்கு சீட் கெடைக்கலையோ என்னமோ."

"சார், நீங்கள்லாம் இந்த வேலையில எப்படி இருக்கீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். இவரிடம் போய்க் கேட்டேனே என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கேட்டால் மறைப்பார். அழுதால் சமாதானம் சொல்லுவார். அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. சந்தேகம் வந்தால் முதலில் கணக்கை முடக்கு, விசாரணை அப்புறம். கணக்கின் தலைவி அவள்தானே. போனை எடுத்து உள்ளே போய் பாஸ்வேர்டை மாற்றினாள். முதலெழுத்து பெரிதாக இருக்க வேண்டும், எண் ஒன்று வேண்டும், குறி ஒன்று வேண்டும் என்று திரை பிகு பண்ணியது. மனசில் முதலில் வந்த சொல்லை அடித்து, கேட்டதையெல்லாம் ஒட்டவைத்தாள். யாரோ ஒருத்தரின் இழப்பீட்டை நிறுத்தும்போது ஒரு நாளும் தடுமாறாத விரல், இரண்டு முறை தப்பாக அடித்தது.

மறுநாள் முற்பகலில் அவர் கூப்பிட்டார். வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை. பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். டக்குனு சொல்லு."

"என்ன நம்பர்?"

"நம்ம மைல் கணக்குக்கு. பாஸ்வேர்ட் ஏத்துக்க மாட்டேங்குது. நேத்து வரைக்கும் தெறந்துச்சு. சொல்லும்மா, சீக்கிரம்."

"எதுக்கு இப்ப உள்ள போகணும்?"

"எல்லாம் வந்து சொல்றேன். நேரமில்ல. வந்துச்சா இல்லையா?"

வந்திருந்தது. அவள் உள்ளங்கையில் அந்த எண்கள் பளிச்சென்று இருந்தன. அவசரப்படுத்துகிறவர்கள்தான் எதையோ மறைக்கிறார்கள் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள். அவர் குரலில் இவ்வளவு பதற்றத்தை அவள் இதுவரை கேட்டதில்லை. ஃபிரிட்ஜ் கெட்டபோது இல்லை. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஒரு முறை கேட்டிருக்கலாம்.

"வரலையே" என்றாள்.

"நல்லா பாரும்மா."

"பார்த்துட்டேங்க. ஒண்ணும் வரல."

அவர் "சரி, விடு" என்று வைத்துவிட்டார். அவள் போனைக் கவிழ்த்துவைத்தாள். ஊரார் பொய்யையெல்லாம் மோப்பம் பிடிக்கிறவள், தன் வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக ஒன்று வந்ததை நினைத்து அசந்துபோனாள். சாயங்காலம் வரை ஒரு ஃபைலும் ஓடவில்லை. வந்த இரண்டு விண்ணப்பங்களை ஐயோ பாவத்தின் பக்கம் தள்ளிவிட்டாள். பிழைத்துப் போகட்டும் அந்த இரண்டு பேர்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் முன்பே வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, முன்னால் இருந்த காப்பித்தூள் டப்பாவை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். விளக்குப் போடவில்லை. அவள் போட்டாள்.

"சீட் போயிடுச்சு" என்றார்.

"எந்த சீட்?"

"எனக்கு வர்ற சீட்."

அவள் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. அவர் டப்பாவைப் பார்த்தே பேசினார். "பாயிண்ட்ல போறவங்களுக்குன்னு ஒவ்வொரு ஃபிளைட்லயும் கொஞ்சம் சீட்தான் ஒதுக்குவான். வர்ற நாள்ல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. உனக்குத்தான் லீவு முடியுது, ஒரு நாள் தள்ளிப்போனாலும் உங்க மேனேஜர் குதிப்பாரு. அதனால உனக்கு எடுத்துட்டேன். எனக்கு எப்ப தெறக்கும்னு தெனம் பார்த்துட்டே இருந்தேன். பார்க்கறதுக்குக் கணக்குக்குள்ள போக வேண்டாம், எடுக்கத்தான் போகணும். இன்னைக்குத் தெறந்துச்சு. அதே ஃபிளைட். உன் பக்கத்துலயே. நான் மாத்தி மாத்தி பாஸ்வேர்ட் போட்டுட்டு இருக்கறப்பவே யாரோ எடுத்துட்டான்."

அவர் கண்ணின் சிவப்புக்கு அவளுக்கு இப்போது காரணம் தெரிந்தது. விடிவதற்கு முன்னாலேயே எழுந்து திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கெளம்புவியா? ஒரு முடிச்சு அவுந்திருந்தாலும் நீ பெட்டியத் தொட மாட்டே. மொத்தத்தையும் கேன்சல் பண்ணுங்கன்னுருப்ப. இல்லன்னு சொல்லு பாப்போம்."

அவர் சொன்னது சரிதான். ஆனால் ஃபைலில் இன்னும் பக்கங்கள் இருந்தன, அவளால் மூட முடியவில்லை. "உங்க ஃப்ரெண்டு? கதவ சாத்திட்டுப் பேசுவீங்களே?"

அவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். லென்ஸில் கீறல் தேடுகிற அதே பார்வை.

"அவன் கடைக்கு வந்துடுன்னு கூப்பிட்டான். போன வருஷமே. மாட்டேன்னுட்டேன். அவன் விட மாட்டேங்கிறான்."

"அதையும் சொல்லல."

"சொன்னா அதுக்கும் நீ ஒரு ஃபைல் போடுவே."

"ரெண்டு கண்ணாடி?"

"நீ கண்ணாடி மேல உக்காராத வருஷம் உண்டா? தெரியாத ஊர்ல போய் ஒடைச்சுட்டா நான் மெஷினுக்கு எங்க போவேன்? லீவுல போறதுக்கு முன்னாடி, நான் கடையில இருக்கும்போதே செஞ்சாகணும்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவருக்கு இப்போதுதான் மெல்ல உறைத்தது. "அந்த நம்பர் வந்துச்சு, இல்ல?"

"வந்துச்சு."

"பாஸ்வேர்ட மாத்தினது நீதான்."

"நான்தான்."

"நான் உன்ன விட்டுட்டு அங்கயே இருந்துடுவேன்னு நெனச்சே."

"ஆமாங்க" என்றாள். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "நெனச்சேன். ரொம்ப பயந்துட்டேன்."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் காப்பித்தூள் டப்பாவை மற்ற டப்பாக்களோடு கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "இத்தனை வருஷத்துல ஒரு நாள் லேட்டா வந்திருக்கனா?" என்று கேட்டார். பதிலுக்காகக் கேட்ட கேள்வி இல்லை. அவருக்கு வலித்தது, அது நன்றாகத் தெரிந்தது. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. பழைய அடி புதிய அடி என்று ஆயிரம் கதவுகளில் கண்டுபிடித்தவள், இந்த ஆளிடம் போய்த் துருவைத் தேடியிருக்கிறாள்.

அவள் எழுந்துபோய் டேப்லெட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"என் சீட்ட கேன்சல் பண்ணுங்க."

"என்னது?"

"நான் வர்ற சீட்ட. வேண்டாம் அது."

"பைத்தியமா ஒனக்கு? கேன்சல் பண்ணா பாயிண்ட்ல பிடிச்சுக்குவான். எவ்ளோ பிடிப்பான் தெரியுமா?" வலியோடு வலியாக அவருக்குள்ளிருந்த பாயிண்ட் துடித்து எழுந்தார்.

"பிடிக்கட்டும்."

"உன் மேனேஜர்?"

"குதிக்கட்டும். ரெண்டு சீட் சேர்ந்து எங்க இருக்குன்னு தேடுங்க. சுத்திட்டு வந்தாலும் சரி, எந்த ஊர்லயோ பெஞ்சுல உக்காந்திருந்து மாறி ஏறினாலும் சரி. சேர்ந்து இல்லைன்னா ரெண்டு பேருக்கும் இல்ல. போறோம். வர்றத அங்க போய்ப் பார்த்துக்கலாம்."

ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தாலும் பெட்டியைத் தொடாதவள் இதைச் சொன்னாள். அவர் நம்பாமல் அவளைப் பார்த்தார். இன்றைக்குச் சந்தேகப்படுவது அவர் முறை. அவள் முகத்தில் என்ன கிடைத்ததோ, டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"சரி, பாஸ்வேர்ட் சொல்லு."

அவள் டேப்லெட்டை வாங்கக் கையை நீட்டினாள்.

"கேன்சல் பண்ணணும்னாலும் உள்ள போகணுமே. சொல்லு."

"குடுங்க, நானே போட்டுத் தர்றேன்."

"ஏன், இன்னமும் நான் பார்க்கக் கூடாதா?"

அது சுருக்கென்று தைத்தது. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். தமிழ்ச் சொல்தான், ஆங்கில எழுத்தில். அவர் ஒற்றை விரலால் அடித்துக்கொண்டே வந்தார். சொல் முடிகிறபோது விரல் அப்படியே நின்றது. உதட்டுக்குள் கூட்டிப் படித்தார்.

போகாதே.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அப்படித் துடைத்தால் லென்ஸில் கீறல் விழும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர். துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் நம்பர் ஒண்ணு. ஒரு ஆச்சரியக்குறி" என்றாள். "அது அவங்க கேட்டாங்க."

அவர் அதையும் அடித்தார். கணக்கு திறந்தது.